புது ஊர், புது எழுத்து

சென்னை சென்ட்ரலில் ஹவுரா மெயில் நிற்கிறது. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கிருந்து ஒரு குடும்பம் அந்த ரயிலில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கணவன், மனைவி, ஏழு வயதுப் பையன். கணவனுக்குக் கொல்கத்தாவில் வெல்டிங் வேலை. அவன் போன வருடமே போய்விட்டான். இப்போது மனைவியையும் பிள்ளையையும் அழைத்துப் போகிறான். குடியிருக்கப் போகும் இடத்தின் பெயர் பெஹாலா.

அந்தப் பெண் பள்ளிக்கூடம் போனதில்லை. இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவள். சென்ட்ரலில் ரயில் பெட்டியின் எண்ணை அவளே பார்த்தாள். நடைமேடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "நமக்கு இதுதாங்க, ஏறுங்க" என்று கணவனிடம் சொன்னாள்.

ரயில் நகர்ந்தது. சில மணி நேரத்தில் நிலையப் பலகைகளில் எழுத்து மாறியது. அது தெலுங்கு. கிருஷ்ணா ஆறு வந்தது. கோதாவரி வந்தது. மறுநாள் பகலில் எழுத்து மறுபடியும் மாறியது. எல்லாம் வட்ட வட்டமாக இருந்தது. அது ஒடியா. கடைசியில், மேலே ஒரு கோடு போட்டு அதில் துணி காயப் போட்டது போல எழுத்துகள் தொங்கின. அது வங்காளம்.

சென்னையிலிருந்து ஹவுராவுக்குச் சுமார் 1,660 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு மேல் பயணம். ஏறும்போது அவள் படிக்கத் தெரிந்தவள். இறங்கும்போது ஒரு பலகையையும் படிக்க முடியவில்லை.

"திரும்பவும் கைநாட்டு ஆயிட்டேனா?" என்று அவள் கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் முகம் வாடியிருந்தது.

பலகையில் உள்ள பெயர்

கைநாட்டு ஆகவில்லை. அது ஏன் என்று பார்ப்போம்.

தமிழில் ‘பெஹாலா’ என்று எழுதும்போது கை எப்படிப் போகிறது? முதலில் ஒற்றைக் கொம்பு. பிறகு ‘ப’. அடுத்து ‘ஹ’. அதற்கு ஒரு கால். பிறகு ‘ல’. அதற்கும் ஒரு கால்.

வங்காளத்திலும் அந்தப் பெயரை அப்படியே எழுதுகிறார்கள். முதலில் ஒரு கொம்பு. பிறகு ‘ப’. பிறகு ‘ஹ’, கால். பிறகு ‘ல’, கால். எழுத்தின் உருவம்தான் வேறு. வரிசை ஒன்றே. ‘கொ’ என்று எழுத, ‘க’வுக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் போடுகிறோம் அல்லவா? வங்காளிகளும் இரண்டு பக்கமும் குறி போடுகிறார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. தமிழ் எழுத்தும் வங்காள எழுத்தும் ஒரே பாட்டியின் பேத்திகள். அந்தப் பாட்டியின் பெயர் பிராமி. அது 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட எழுத்து. அதனால்தான் இரண்டிலும் முதலில் அ, ஆ, இ, ஈ வருகிறது. அதன் பிறகு க, ச என்று போகிறது. தமிழில் ஒரு ‘க’தான். அங்கே நான்கு ‘க’ உண்டு. கொஞ்சம் கூடுதல் வேலை. அவ்வளவுதான்.

வங்காள ‘ப’ எப்படி இருக்கும்? மேல்கோட்டில் ஒரு முக்கோணம் தொங்கும். ‘பஸ்’ என்று சொல்லும்போது வருகிற ‘ப’ அது. அந்த முக்கோணத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தால் அது ‘ர’ ஆகிவிடும். பெஹாலாவில் கடைப் பலகை எல்லாவற்றிலும் இந்தப் பெயர் இருக்கிறது. மருந்துக் கடை, சைக்கிள் கடை, பூக்கடை எதைப் பார்த்தாலும் கீழே ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். ஒரு நாளில் நூறு தடவை கண்ணில் படும். புதிதாக வந்தவருக்கு இதைவிட நல்ல பாடப் பலகை கிடைக்காது.

ஒரு வேடிக்கை. வங்காளத்தில் ‘பெஹாலா’ என்றால் வயலின் வாத்தியம் என்றும் பொருள். இசைக் கருவி விற்கும் கடையில் ‘பெஹாலா’ என்று எழுதியிருந்தால் அது ஊர்ப் பெயராகவும் இருக்கலாம், வாத்தியமாகவும் இருக்கலாம்.

நாலும் எட்டும்

எழுத்தைவிட எண்ணில்தான் ஏமாற்றம் அதிகம். வங்காளிகளுக்கென்று தனி எண்கள் உண்டு. சந்தையில் விலை அட்டையில் எழுதுவார்கள். சில பேருந்துகளிலும் எழுதியிருக்கும். அவர்களுடைய 4 பார்ப்பதற்கு நம்முடைய 8 போல இருக்கும். அவர்களுடைய 7 கிட்டத்தட்ட 9 போல இருக்கும்.

அந்தப் பெண் முதல் வாரத்தில் கத்தரிக்காய் விலையைப் பார்த்தாள். 80 என்று நினைத்தாள். "யானை விலை, குதிரை விலை" என்று முணுமுணுத்துக்கொண்டு வெறும் பையோடு வந்துவிட்டாள். உண்மையில் அது 40 ரூபாய். மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா அதே கடையில் 40 ரூபாய் கொடுத்து வாங்கியதைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

எண்ணைப் பற்றி வங்காளத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. கதை என்றாலும் நடந்ததுதான். ஈசுவர சந்திர வித்யாசாகர் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியது. அவர் 1820ஆம் ஆண்டு பீர்சிங்கா என்ற கிராமத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். எட்டு வயதில் அவருடைய அப்பா படிக்க வைப்பதற்காக அவரைக் கொல்கத்தாவுக்கு அழைத்துப் போனார். நடந்தே போனார்கள். வழியில் சாலையோரம் கல் நட்டிருந்தது. "இது என்ன, யாரோ அம்மிக் கல்லை நட்டு வைத்திருக்கிறார்களே?" என்று பையன் கேட்டான். அப்பா சிரித்தார். அது மைல் கல் என்றும் அதில் ஆங்கில எண் எழுதியிருக்கிறது என்றும் சொன்னார். பையன் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே வந்தான். எண் குறைந்துகொண்டே வந்தது. அப்படியே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டான்.

அப்பாவுக்குச் சந்தேகம். பையன் வரிசையை வைத்து ஊகிக்கிறானோ? ஆறாவது மைல் கல் வந்தபோது பேச்சுக் கொடுத்துப் பையன் அதைப் பார்க்காதபடி செய்தார். ஐந்தாவது கல்லைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். பையன் சொன்னான்: "இது ஆறாக இருக்க வேண்டும். தவறுதலாக ஐந்து என்று வெட்டிவிட்டார்கள்."

அந்தப் பையன் வளர்ந்து பெரிய அறிஞர் ஆனார். விதவைகள் மறுமணம் செய்துகொள்ளச் சட்டம் வரப் பாடுபட்டார். 1856இல் அந்தச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் குழந்தைகளுக்காக ஒரு அரிச்சுவடி எழுதினார். அதன் பெயர் ‘வர்ணபரிசய்’. எழுத்தை அறிமுகம் செய்வது என்று பொருள். அந்தச் சிறு புத்தகம் இன்றும் விற்கிறது. வங்காளத்தில் பல தலைமுறை அதில்தான் எழுத்துக் கற்றது. ஹவுராவிலிருந்து பெஹாலா போக ஹூக்ளி ஆற்றைக் கடக்க வேண்டும். அங்கே 1992இல் திறந்த பெரிய பாலத்துக்கு அவர் பெயர். பெஹாலாவில் உள்ள அரசு மருத்துவமனைக்கும் அவர் பெயர்.

பெஹாலா எப்படிப்பட்ட இடம்?

கொல்கத்தாவின் தென்மேற்கு மூலை அது. இன்று மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஆனால் முன்பு தனி ஊர். தெற்குப் புறநகர் நகராட்சி என்று அதற்குத் தனி நகராட்சியே இருந்தது. 1984இல்தான் அது கொல்கத்தா மாநகராட்சியோடு சேர்ந்தது. பழைய மனிதர்கள் இன்னும் பழக்கத்தை விடவில்லை. நகரத்தின் நடுப் பகுதிக்குப் போவதை "கொல்கத்தாவுக்குப் போகிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு.

ஊரின் நடுவே ஒரே பெரிய சாலை. டயமண்ட் ஹார்பர் சாலை. வடக்கே தாராதலா. பிறகு பெஹாலா பஜார், சவுரஸ்தா, சாக்கேர் பஜார், தாக்கூர்புக்கூர். தெற்குக் கோடியில் ஜோக்கா. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி ஊர் தெரிந்த மாதிரி. சவுரஸ்தா என்றால் நாற்சந்தி.

தாராதலாவுக்கு அருகில் இந்திய அரசின் நாணயச் சாலை இருக்கிறது. 1952 முதல் அங்கே காசு அடிக்கிறார்கள். உங்கள் கையில் உள்ள நாணயத்தை எடுத்துப் பாருங்கள். ஆண்டு எழுதிய இடத்துக்குக் கீழே பாருங்கள். புள்ளி, நட்சத்திரம், சாய்சதுரம் என்று ஏதாவது குறி இருந்தால் அது வேறு ஊரில் அடித்தது. ஒரு குறியும் இல்லை என்றால் அது கொல்கத்தாக் காசு. மனிதர்கள் அங்கே போவதற்கு முன்பே அங்கிருந்து காசு இங்கே வந்துவிட்டது.

வேலை தேடி வருகிறவர்கள் முதலில் தாராதலாவைத்தான் பார்ப்பார்கள். சுற்றிலும் பட்டறைகள், கிடங்குகள். பக்கத்திலேயே கிதிர்பூர் துறைமுகம். ஆனால் பட்டண வேலை நிலையானது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1947 முதல் அங்கே ஒரு பெரிய பிஸ்கட் ஆலை ஓடியது. சாலையில் போகும்போதே பிஸ்கட் வாசம் வரும். அது 2024இல் நின்றுவிட்டது.

சாலையும் அப்படித்தான். முன்பு ஜோக்கா வரை டிராம் வண்டி ஓடியது. மெட்ரோ ரயிலுக்குத் தூண் போட 2011இல் டிராம் நின்றது. மெட்ரோ உடனே வரவில்லை. பத்து வருடத்துக்கு மேல் தூணும் பள்ளமும்தான். அந்த நாட்களில் பெஹாலாவில் குடியிருந்தவர்கள் புழுதியைத் தின்றே வாழ்ந்தார்கள் என்று சொல்லலாம். நடுவில் 2018 செப்டம்பர் 4 அன்று மாலை மாஜெர்ஹாட் பாலத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பெஹாலாவையும் நகரத்தையும் இணைத்த பாலம் அது. மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் மெட்ரோ கட்டுமான வேலைக்காக வெளி மாவட்டத்திலிருந்து வந்து பாலத்தின் அருகிலேயே தங்கியிருந்த தொழிலாளர்களும் உண்டு. புதுப் பாலம் திறக்க 2020 டிசம்பர் ஆயிற்று. ஜோக்காவிலிருந்து தாராதலா வரை மெட்ரோ 2022 டிசம்பர் 30 அன்று திறந்தது. 2024 மார்ச்சில் மாஜெர்ஹாட் வரை நீண்டது.

வீடு பார்ப்பது

வாடகை வீட்டுக்கு வங்காளத்தில் ‘பாரி பாரா’ என்பார்கள். பாரி என்றால் வீடு. பாரா என்றால் வாடகை. ஆனால் ‘பாரா’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. அதற்குத் தெரு, அக்கம்பக்கம் என்று பொருள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். வங்காளிகள் காதில் வேறு. தெரு என்ற சொல்லில் வருவது ‘பல்’லில் வரும் ‘ப’. வாடகை என்ற சொல்லில் வருவது ‘பஸ்’ஸில் வரும் ‘ப’. அதையும் மூச்சை அழுத்திச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்தவர்தான் திருத்திச் சொல்லித் தருவார்.

வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்த்தால் போதாது. சுவரைப் பார்க்க வேண்டும். பெஹாலா தாழ்வான பகுதி. மழை பெய்தால் பல தெருக்களில் தண்ணீர் நிற்கும். கீழ்த்தள வீட்டின் வெளிச்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருக்கிறதா? அதுதான் போன மழையின் அளவு. வீட்டுக்காரர் சொல்லாததைச் சுவர் சொல்லிவிடும். தெருக்கோடி டீக்கடையில் விசாரித்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

மழைக் காலமும் அங்கே வேறு. நம் கடலூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அடை மழை. அங்கே ஆனி முதல் புரட்டாசி வரை. 2025 செப்டம்பர் 22 இரவிலிருந்து மறுநாள் காலைக்குள் கொல்கத்தாவில் 250 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஒரு மாதத்து மழை ஒரே இரவில். தெருவெல்லாம் ஆறு. பலர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தண்ணீரில் மூழ்கி இறக்கவில்லை. தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து இறந்தார்கள். ஆகவே முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது மின் கம்பம், இரும்புக் கதவு, கடை ஷட்டர் எதையும் தொடக் கூடாது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். கை காய்ந்திருக்க வேண்டும். சுவிட்சுக்குத் தண்ணீரில் நடந்து போக வேண்டியிருந்தால் போகக் கூடாது. வெளியே வந்து மின்வாரியத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

வாடகை கொடுத்தால் ரசீது கேட்க வேண்டும். பலர் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை. "நல்ல மனுஷன், அவரிடம் போய்ச் சீட்டு கேட்பதா?" என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல மனிதர் கேட்டால் கொடுப்பார். அந்தச் சீட்டு எதற்கெல்லாம் உதவும் என்பது பின்னால் தெரியும்.

வாய்ப் பேச்சு

பெஹாலாவில் யாரையும் பெயர் சொல்லி மட்டும் கூப்பிட மாட்டார்கள். நம் ஊர் மாதிரியே உறவு வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் என்றால் தாதா. அக்கா என்றால் தீதி. அண்ணி என்றால் பௌதி. சித்தி வயதில் இருப்பவர் காக்கிமா. பெரியவர்கள் மாஷிமா. பேருந்து நடத்துநரும் தாதாதான். காவல்காரரும் தாதாதான்.

தண்ணீர் வேண்டும் என்றால் ‘ஜொல்’ என்று கேட்க வேண்டும். சோறு ‘பாத்’. மீன் ‘மாச்’. எவ்வளவு என்பதற்குக் ‘கொத்தோ’. எங்கே என்பதற்குக் ‘கொத்தாய்’. இந்த ஐந்து சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம். அங்கே தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள், சாப்பிடுவார்கள். ‘ஜொல் காபோ’ என்றால் தண்ணீர் சாப்பிடுவேன் என்றுதான் நேர்ப்பொருள்.

பேருந்தில் ஒரு பெண் இறங்கும்போது நடத்துநர், "ஆஸ்தே, லேடிஸ்!" என்று சத்தம் போடுவார். ஆஸ்தே என்றால் மெல்ல. ஓட்டுநருக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. நம் பெண் முதல் நாள், தன்னைத்தான் திட்டுகிறார் என்று பயந்து போனாள்.

வீட்டில் முதலில் பேசத் தொடங்கியது பையன்தான். பள்ளியில் சேர்த்த மூன்றாம் மாதம் தெருப் பிள்ளைகளோடு வங்காளத்தில் சண்டை போட்டான். சண்டை போடத் தெரிந்துவிட்டால் மொழி வந்துவிட்டது என்று பொருள். அவனுடைய அரிச்சுவடியை அவளும் எடுத்து வைத்துக்கொண்டாள். இரவு வகுப்பில் எப்படி ஒரு சொல்லை உடைத்து எழுத்தைப் பிடித்தாளோ, அதே வழியில் இதையும் பிடித்தாள். முதலில் படித்த சொல் ‘பெஹாலா’. இரண்டாவது ‘பஜார்’.

கடைத்தெரு

அரிசி விஷயத்தில் கவலை இல்லை. வங்காளிகளும் புழுங்கல் அரிசிதான் சாப்பிடுகிறார்கள். பொரி மலிவு. மீன் எங்கும் கிடைக்கும். பெரும்பாலும் ஆற்று மீன், குளத்து மீன். கறிவேப்பிலை, காபித்தூள், வாழை இலை, இட்லி அரிசி வேண்டும் என்றால் லேக் மார்க்கெட் போக வேண்டும். அது கிழக்கே, ராஷ்பிஹாரி சாலையில் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி. அங்கே தமிழில் பேசிக் காய் வாங்கலாம். மாதம் ஒரு முறை போய் வந்தால் மனசுக்கும் ஆறுதல்.

எண்ணெய்தான் சிரமம். அங்கே சமையலுக்குக் கடுகு எண்ணெய். புதிதாக வந்தவருக்கு அந்த நெடி கண்ணைக் கரிக்கும். பழகிவிடும். ஆனால் எண்ணெய் பற்றிப் பெஹாலாவுக்கு ஒரு பழைய காயம் உண்டு. 1988இல் அந்தப் பகுதியில் பலருக்குத் திடீரெனக் கால் மரத்துப் போனது. நடக்க முடியவில்லை. கையில் பிடிப்பு இல்லை. நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்கள் வாங்கிய சமையல் எண்ணெயில் ஒரு நச்சுப் பொருள் கலந்திருந்தது. அது தொழிற்சாலைகளில் பயன்படுவது. சாப்பாட்டுக்கு ஆகாதது. பார்வைக்குத் தெரியவில்லை. மலிவாக விற்ற எண்ணெய்க்குச் சிலர் தங்கள் கால்களை விலையாகக் கொடுத்தார்கள்.

ஆகவே புட்டியில், பையில் அடைத்து முத்திரை வைத்த எண்ணெய்தான் நல்லது. அதில் தயாரித்தவர் பெயர் இருக்கும். தேதி இருக்கும். விலை இருக்கும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கும். மொழி தெரியாவிட்டாலும் தேதியையும் எண்ணையும் படிக்கலாம். சில்லறையாக அளந்து ஊற்றும் எண்ணெயில் எதுவும் எழுதியிருக்காது. பிறகு யாரைக் கேட்பது?

காகிதங்கள்

புது ஊரில் ஒருவரை அடையாளம் காட்டுவது முகம் அல்ல, காகிதம். ஒரு செய்தி கேளுங்கள். கொல்கத்தா நகரமே ஒரு காகிதத்தில் தொடங்கியது. பெஹாலாவில் பரிஷா என்று ஒரு பகுதி. அங்கே சாவர்ண ராய் சௌத்ரி என்ற ஜமீன் குடும்பம். 1698 நவம்பர் 10ஆம் தேதி அந்தக் குடும்பத்திடமிருந்து மூன்று கிராமங்களின் வரி வசூல் உரிமையை ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. விலை 1,300 ரூபாய். அந்தக் கிராமங்கள் சுதாநூட்டி, கலிகாதா, கோவிந்தபூர். மூன்றும் வளர்ந்துதான் கல்கத்தா ஆனது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மண்டபம் பரிஷாவில் இருக்கிறது என்று அந்தக் குடும்பத்தார் சொல்கிறார்கள். ஒரு தாளில் உள்ள கையெழுத்துக்கு இவ்வளவு பலம்.

நம் குடும்பத்துக்கு மூன்று தாள் முக்கியம்.

ரேஷன் முதலில். ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை’ என்ற திட்டம் 2019இல் சில மாநிலங்களில் தொடங்கியது. 2022க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. தமிழ்நாட்டு அட்டையை வைத்துக்கொண்டு பெஹாலாவில் தானியம் வாங்கலாம். எல்லா அட்டைக்கும் இல்லை. முன்னுரிமை அட்டைக்கும் அந்தியோதயா அட்டைக்கும் மட்டும். ஆதார் எண் அட்டையில் சேர்ந்திருக்க வேண்டும். கடையில் விரல் ரேகை வைக்க வேண்டும். முன்னுரிமை அட்டையில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். தமிழ்நாடு தனியாகத் தரும் பருப்பு, எண்ணெய் அங்கே கிடைக்காது. ஊரில் அப்பா அம்மா அதே அட்டையில் இருந்தால் அவர்கள் பங்கை அங்கேயே வாங்கலாம். இவர்கள் பங்கை இங்கே வாங்கலாம். சந்தேகம் என்றால் 14445 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

அடுத்தது ஆதாரில் முகவரி. மாற்றுவதற்குச் சான்று வேண்டும். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் உதவும். வாடகையை வாய்ப் பேச்சாக முடித்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

மூன்றாவது ஓட்டு. நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்கள் படிவம் 8 எழுதிக் கொடுத்துப் பெயரைப் புது முகவரிக்கு மாற்றலாம். இரண்டு ஊரிலும் பெயர் இருப்பது குற்றம். "ஊரில் இருந்தால் ஒரு பிடிமானம்" என்று பலர் மாற்றாமலே இருக்கிறார்கள். தேர்தல் அன்று 1,660 கிலோமீட்டர் போக முடிவதில்லை. அங்கேயும் ஓட்டு இல்லை, இங்கேயும் இல்லை. தெருவில் தண்ணீர் நின்றால் கவுன்சிலரிடம் போய்ப் பேச வேண்டும். ஓட்டு உள்ளவர் பேச்சைத்தான் அவர் நின்று கேட்பார்.

அந்தப் பெண் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். தமிழில்தான் போட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்து எந்த எழுத்திலும் இருக்கலாம்.

முன்னால் வந்தவர்கள்

பக்கத்து வீட்டுக் காக்கிமா ஒரு நாள் தன் கதையைச் சொன்னார். அவருடைய மாமியார் இன்றைய வங்கதேசத்திலிருந்து வந்தவர். 1947இல் நாடு பிரிந்தது. வங்காளமும் இரண்டாகப் பிரிந்தது. லட்சக்கணக்கான மக்கள் வீடு நிலத்தை விட்டுவிட்டு எல்லையைக் கடந்தார்கள். கொல்கத்தாவின் ஓரங்களில் காலி நிலம் கிடைத்த இடத்தில் எல்லாம் குடியேறினார்கள். பெஹாலாவும் அப்படி நிறைந்த இடம். ‘பள்ளி’ என்று முடியும் தெருப் பெயர்கள் அங்கே நிறைய உண்டு. படிக்கும் பள்ளி இல்லை. குடியிருப்பு என்று பொருள். திருச்சிராப்பள்ளியில் வருகிறதே, அந்தப் பள்ளி மாதிரி.

பிறகு தெற்கே கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2009 மே மாதம் ஐலா புயல் சுந்தரவனப் பகுதியில் வயலெல்லாம் உப்பு நீரை ஏற்றியது. பயிர் விளையாமல் பலர் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் பலருக்கு வழி இந்த டயமண்ட் ஹார்பர் சாலைதான். அந்த வழியில்தான் பெஹாலா இருக்கிறது. ஆக, அந்தத் தெருவில் ‘நான்தான் பூர்வீகம்’ என்று சொல்லிக்கொள்ள அதிகம் பேர் இல்லை.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. ஊர் அடைக்கப்பட்டது. நாடு முழுவதும் வெளியூர்த் தொழிலாளர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்த ஆண்டு துர்கா பூஜைக்குப் பெஹாலாவில் பரிஷா கிளப் என்ற மன்றம் ஒரு சிலை வைத்தது. செய்தவர் பல்லப் பௌமிக் என்ற சிற்பி. வழக்கமாகத் துர்கைக்குப் பட்டு, நகை, ஆயுதம் எல்லாம் இருக்கும். இந்தச் சிலையில் அவை இல்லை. ஒரு கூலித் தொழிலாளிப் பெண். சாதாரணச் சேலை. கையில் சட்டை இல்லாத ஒரு குழந்தை. கூடவே மற்றப் பிள்ளைகள். அப்படியே நடந்து போகிற தாய். அவள்தான் துர்கை.

மக்கள் முகக்கவசம் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தார்கள். நிறைய பேர் பேசாமல் நின்றார்கள். அடுத்த ஆண்டு அதே மன்றம் நாட்டுப் பிரிவினையால் இடம்பெயர்ந்த தாயைச் சிலையாக வைத்தது.

நம் குடும்பத்துக்குப் பூஜை சமயத்தில் ஒரு ரசீது வந்தது. தெருப் பிள்ளைகள் வந்து நன்கொடை கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். ரசீதில் வங்காளத்தில் கணவன் பெயர், வீட்டு எண், தொகை. அவள் விரல் வைத்துப் படித்தாள். 400 ரூபாய் என்று எழுதியிருந்தது. 800 என்று அவள் படிக்கவில்லை.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊரிலிருந்து வேறு மொழி பேசும் ஊருக்குப் போனவர் யார்? முதல் மாதம் எப்படி இருந்தது என்று அவரிடம் கேளுங்கள்.

உங்கள் ஊருக்கு வேலைக்கு வந்துள்ள வடநாட்டுத் தொழிலாளர்கள் எந்த மாநிலத்தவர்? அவர்களுக்குத் தமிழ்ப் பலகையைப் படிக்கத் தெரியுமா? யாராவது சொல்லிக் கொடுத்ததுண்டா?

உங்கள் குடும்ப அட்டை எந்த வகை? அட்டையை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

உங்கள் முழு முகவரியை அஞ்சல் குறியீட்டு எண்ணோடு எழுதுங்கள்.